தில்லிக்கு வந்த இசைக் கோமகன்

தலைநகரில் வாழும் நமக்குப் பெருமக்கள் வந்து போவதைக் காண்பது புதிதன்று. வேற்று நாட்டு வேந்தர்களும் குடியரசுத் தலைவர்களும் வருவர். வீதிகளில் இரு நாட்டுக் கொடிகளும் பறக்கும். இரண்டொரு நாளில் கொடிகளைக் கழற்றிவிடுவர். நகரமும் வந்தவரை மறந்துவிடும். 1963ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அவ்வாறு வந்தவர்களுள் ஒருவர் அரசரும் அல்லர், அமைச்சரும் அல்லர். 64 வயது நிரம்பிய ஒரு பியானோ வித்வான். ஜாஸ் என்னும் அமெரிக்க இசையின் தலைசிறந்த படைப்பாளர்களுள் ஒருவர். பெற்றோர் இட்ட பெயர் எட்வர்ட் கென்னடி எல்லிங்டன். உலகம் அவரை டியூக் எல்லிங்டன் என்றே அறியும். டியூக் என்றால் கோமகன் என்று பொருள்.

தியாகையரும் தீட்சிதரும் சியாமா சாஸ்திரியும் இருக்க, ஜாஸ் இசைக்காரர் ஒருவரின் வரலாறு நம் சங்க மலருக்கு எதற்கு என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். காரணம் இரண்டு உண்டு. நாம் குடியேறி வாழும் இந்தத் தில்லி மாநகரம் அவருடைய இசையில் இடம் பெற்றுள்ளது என்பது ஒன்று. அவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை வழிப்பயணத்திலேயே கழித்தவர். அதிலும் பல்லாண்டுகள் ரயிலிலேயே உண்டு, உறங்கி, பாட்டெழுதியவர் என்பது மற்றொன்று. ரயில்வேயில் குமாஸ்தாவாகக் காலம் கழிக்கும் நமக்கு இந்த இரண்டாவது காரணமே போதும்.

ஜாஸ் இசை இன்னதென்பதை முதலில் சிறிது கூறிவிடுவோம். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துச் செல்லப்பட்ட மக்களின் வழிவந்தோர், அமெரிக்காவின் தென்பகுதியில், தங்கள் உழைப்புப் பாடல்களையும் தேவாலயப் பாடல்களையும் ஐரோப்பிய வாத்தியங்களோடு கலந்து உருவாக்கிய இசை அது. நியூ ஆர்லியன்ஸ் நகரத்தை அதன் தொட்டில் என்பர். அதில் மெட்டு ஒன்று முன்னரே அமைந்திருக்கும். அந்த மெட்டின் எல்லைக்குள் நின்று ஒவ்வொரு கலைஞரும் அந்தந்தக் கணத்தில் தம் கற்பனையை விரித்து வாசிப்பார். நம் கச்சேரிகளில் நிரவலும் கற்பனைச் சுரமும் கேட்டுப் பழகிய காதுக்கு இது புரியாத செய்தி அன்று. தாளம் சற்றே இடம் மாறித் துள்ளும். அந்தத் துள்ளலே அதன் உயிர் நாடி. நடனக் கூடங்களில் வாசிக்கப்பட்டதனால் அதைக் கீழான கேளிக்கை என்று அமெரிக்காவிலேயே பலர் நெடுங்காலம் ஒதுக்கி வைத்திருந்தனர்.

எல்லிங்டன் 1899ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் வாஷிங்டன் நகரில் பிறந்தார். ஆக அவரும் ஒரு தலைநகரத்துப் பிள்ளையே. தந்தை ஜேம்ஸ் எட்வர்ட் எல்லிங்டன் ஒரு மருத்துவர் வீட்டில் பட்லராக இருந்தார். வெள்ளை மாளிகையில் விருந்து நடக்கும் நாட்களில் சில வேளை அங்கும் சென்று பணி செய்வதுண்டு. பின்னர்க் கடற்படைத் தளத்தில் வரைபட நகல் எடுக்கும் வேலை பார்த்தார். தாயார் டெய்ஸி, மகனைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தவர். வருவாய் பெரிதன்று, ஆயினும் வீட்டில் மேசை விரிப்பும் பேச்சும் உடையும் குறைவற்றிருக்க வேண்டும் என்பதில் பெற்றோர் இருவரும் உறுதியாக இருந்தனர். நன்றாக உடுத்தி மிடுக்காக நடந்த சிறுவனுக்குத் தோழன் ஒருவன் சூட்டிய பட்டமே டியூக் என்பது. அரசாங்கம் எதுவும் அளித்த பட்டம் அன்று. எனினும் கடைசி வரை அதற்கேற்பவே அவர் வாழ்ந்தார்.

ஏழெட்டு வயதில் பியானோ கற்கத் தொடங்கினார். ஆனால் அதில் மனம் செல்லவில்லை. பேஸ்பால் ஆட்டமும் ஓவியமும் அவரை இழுத்தன. பேஸ்பால் திடலில் தின்பண்டம் விற்றார். 1914ஆம் ஆண்டளவில் சோடாக் கடை ஒன்றில் வேலை பார்த்தபோதுதான் முதல் மெட்டை அமைத்தார். அதற்குச் சோடாக் கடையின் பெயரையே வைத்தார். எழுதத் தெரியாத வயதாகையால் அதை மனத்திலேயே வைத்திருந்தார். ஓவியம் பயில நியூயார்க்கில் ஒரு கலைப் பள்ளியின் உபகாரச் சம்பளம் கிடைத்தும் அதை ஏற்கவில்லை; பள்ளி இறுதித் தேர்வுக்குச் சில மாதங்கள் இருக்கையில் படிப்பை நிறுத்திவிட்டார். பகலில் விளம்பரப் பலகை எழுதுவார். இரவில் நடனத்துக்குப் பியானோ வாசிப்பார். பலகை எழுதச் சொல்லி வருவோரிடம் இசைக்கு யாரை அமர்த்தினீர்கள் என்று விசாரிப்பார். இசைக்கு அமர்த்துவோரிடம் பலகைக்கு யார் என்று விசாரிப்பார். இத்தகைய சாமர்த்தியம் அவருக்குப் பின்னாளில் பெரிதும் உதவிற்று. 1918இல் எட்னா தாம்சன் என்பவரை மணந்தார். மறு ஆண்டு மெர்சர் என்னும் மகன் பிறந்தான்.

1923இல் தோழர்களுடன் நியூயார்க் சேர்ந்தார். நான்காண்டுகள் சிறிய விடுதிகளில் வாசித்த பின், 1927ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் ஹார்லெம் பகுதியில் இருந்த காட்டன் கிளப் என்னும் கேளிக்கை மன்றத்தில் அவருடைய குழு அமர்ந்தது. ஹார்லெம் கறுப்பின மக்கள் நிறைந்து வாழ்ந்த பகுதி. மன்றத்தில் ஆடுவோரும் பாடுவோரும் வாசிப்போரும் கறுப்பர்களே. கேட்க வருவோரோ வெள்ளையர் மட்டுமே. அந்தத் தெருவில் குடியிருந்த கறுப்பர் ஒருவர் காசு கொடுத்தாலும் உள்ளே விடமாட்டார்கள். நம் தமிழ்நாட்டிலும் ஒரு காலத்தில் நாதஸ்வர வித்வானின் வாசிப்பு வேண்டும், அவர் சரிசமமாக அமர்வது மட்டும் வேண்டா என்று இருந்த நிலையையும், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை போன்றோர் அதை எதிர்த்து நின்ற வரலாற்றையும் அறிந்தவர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. ஆனால் அந்த மன்றத்திலிருந்து வானொலி ஒலிபரப்பு நடந்தது. வானொலிக்கு வாயிற்காவலன் இல்லை. அமெரிக்கா முழுவதும் அவருடைய இசை வீடுதோறும் சென்றது. 1930இல் வெளிவந்த மூட் இண்டிகோ என்னும் உருப்படி அவரை நாடறிந்தவராக்கிற்று.

அவருடைய இசையமைப்பில் ஒரு தனித்தன்மை உண்டு. பிறர் டிரம்பெட்டுக்கு என்றும், சாக்ஸபோனுக்கு என்றும் எழுதுவர். எல்லிங்டனோ இன்ன மனிதருக்கு என்று எழுதுவார். ஜானி ஹாட்ஜஸின் ஆல்டோ சாக்ஸபோனுக்கு இழைந்து வழுக்கிச் செல்லும் மெட்டு. ஹாரி கார்னியின் பாரிடோன் சாக்ஸபோனுக்கு அடிவயிற்றிலிருந்து எழும் கனமான மெட்டு. டிரம்பெட்டின் வாயை ரப்பர் மூடியால் பொத்திப் பொத்தி மனிதக் குரல்போல் உறுமச் செய்யும் கலைஞர்க்கு அதற்கேற்ற மெட்டு. ஒருவருடைய சிறப்பையும் பலவீனத்தையும் அறிந்து அவர் தோளுக்கு அளந்து தைத்த சட்டைபோல் அது அமைந்திருக்கும். கார்னி தம் 17ஆம் வயதில், 1927இல் சேர்ந்தவர். தலைவர் மறையும் வரை 47 ஆண்டுகள் உடன் இருந்தார். ஒரே அலுவலகத்தில் ஒரே அதிகாரியின் கீழ் 47 ஆண்டுகள் என்றால் ரயில்வேயிலும் கேட்டிராத சர்வீஸ் அது. ஊதியத்தைக் குறைக்காமல் இக்குழுவைக் கட்டிக் காக்க, தம் பாடல்களின் உரிமைத் தொகையை எல்லிங்டன் செலவிட்டு வந்தார். எழுதியதை மறுநாளே வாசித்துக் கேட்கக் குழு வேண்டும் என்பதே அவர் கணக்கு.

இனி ரயிலுக்கு வருவோம். 1930களில் குழு தென் மாநிலங்களில் சுற்றுப்பயணம் தொடங்கிற்று. அங்கே இனவொதுக்கல் சட்டமாகவே இருந்தது. கறுப்பர்க்கு வெள்ளையர் விடுதியில் அறை கிடையாது. உணவகத்தில் முன்வாயில் கிடையாது. ரயிலில் தனிப் பெட்டி. மாலையில் ஆயிரக்கணக்கானோர் கைதட்டிக் கொண்டாடும் கலைஞர், இரவில் தலை சாய்க்க இடம் தேடி அலைய வேண்டும். இதற்கு எல்லிங்டனும் அவருடைய மேலாளர் இர்விங் மில்ஸும் கண்ட வழி, இரண்டு புல்மன் படுக்கை வண்டிகளையும் 70 அடி நீளமுள்ள ஒரு சாமான் வண்டியையும் தங்களுக்கென வாடகைக்கு அமர்த்திக்கொண்டதுதான். வண்டிகள் ஓர் ஊர் நிலையத்தைச் சேர்ந்ததும் அவற்றைக் கழற்றிச் சைடிங்கில் நிறுத்துவார்கள். தண்ணீர், விளக்கு, உணவு, உறக்கம் எல்லாம் அதற்குள்ளேயே. அமெரிக்க ஜனாதிபதி பயணம் செய்வதும் இப்படித்தானே என்று அவர் பெருமிதமாகக் கூறுவது வழக்கம். அந்தப் பெருமிதத்துக்கு அடியில் இருந்த புண்ணை நாம் காணாமல் இருக்க இயலாது. ஆயினும் இறைஞ்சியும் நிற்காமல், இரைந்தும் பேசாமல், தமக்கென ஒரு வீட்டைச் சக்கரத்தின்மேல் அமைத்துக்கொண்ட மதிநுட்பத்தை வியக்காமலும் இருக்க இயலாது.

அப்பயணங்கள் அவருடைய இசைக்குள்ளும் புகுந்தன. 1933இல் அவர் பதிவு செய்த டேபிரேக் எக்ஸ்பிரஸ் என்னும் உருப்படியைக் கேட்டால், நீராவி எஞ்சின் மெல்ல மூச்சு விட்டுக் கிளம்புவதும், வேகம் பிடிப்பதும், ஊதல் ஒலிப்பதும், பிரேக் விழுந்து நிற்பதும் அப்படியே கண்முன் நிற்கும். மூன்றே நிமிடம், ஒரு பயணமே முடிந்துவிடும். 1946இல் எழுதிய ஹாப்பி கோ லக்கி லோக்கல் என்பது வேறு சாதி: எல்லா நிலையங்களிலும் நின்று, அவசரமே இல்லாமல் ஆடி அசைந்து செல்லும் தென்னாட்டு உள்ளூர் வண்டி அது. நம் மாயவரம் பக்கத்துப் பாசஞ்சர் வண்டியில் ஏறியவர்க்கு அது மிகவும் பிடிக்கும். எக்ஸ்பிரஸைவிட நமக்குப் பிடித்தது இந்த லோக்கலே.

1938ஆம் ஆண்டு டிசம்பரில் பிட்ஸ்பர்க் நகரில் பில்லி ஸ்ட்ரேஹார்ன் என்னும் 23 வயது இளைஞர் அவரைச் சந்தித்தார். மருந்துக் கடையில் வேலை பார்த்தவர், கூச்ச சுபாவம், இசையிலோ மேதை. எல்லிங்டன் அவரை நியூயார்க்குக்கு வரச்சொல்லித் தம் இல்லத்துக்கு வழியும் கூறினார். ஹார்லெமுக்குச் செல்லும் ஏ என்னும் சுரங்க ரயிலைப் பிடிக்க வேண்டும் என்பது அவ்வழி. அந்த வழிக்குறிப்பையே ஸ்ட்ரேஹார்ன் பாட்டாக்கிவிட்டார். 1941இல் பாடல் உரிமைச் சங்கத்துக்கும் வானொலி நிலையங்களுக்கும் வழக்கு மூண்டு, எல்லிங்டனின் சொந்தப் பாடல்களை ஒலிபரப்ப முடியாது போயிற்று. அச்சங்கத்தில் சேராதிருந்த ஸ்ட்ரேஹார்னும் மகன் மெர்சரும் விரைந்து எழுதிய புதுப் பாடல்களே குழுவைக் காப்பாற்றின. அவ்வாறு வெளிவந்த டேக் தி ஏ டிரெயின் என்னும் அப்பாட்டே குழுவின் அடையாளமாக நிலைத்தது. அன்று தொடங்கி 28 ஆண்டுகள் இவ்விருவரும் ஒரே மனம் போல் இசையமைத்தனர். எந்த வரி யாருடையது என்று பிரித்தறிவது அவர்கள் குழுவினர்க்கே கடினமாக இருந்தது.

1943ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள் நியூயார்க் கார்னகி மண்டபத்தில், அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றையே பொருளாகக் கொண்டு ஏறத்தாழ முக்கால் மணி நேரம் நீளும் ஒரு பேரிசையை அரங்கேற்றினார். விமரிசகர்கள் ஜாஸ் என்றும் ஏற்கவில்லை, செவ்விசை என்றும் ஏற்கவில்லை. மனம் நொந்த எல்லிங்டன் விரைவிலேயே அதை முழுமையாக வாசிப்பதை விட்டுவிட்டார். பிறகு பெருங்குழுக்களின் காலம் மங்கிற்று, பலர் கலைத்துவிட்டனர், இவர் கலைக்கவில்லை. 1956ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் இரவு நியூபோர்ட் விழாவில், பழைய உருப்படி ஒன்றின் நடுவே பால் கொன்சால்வஸ் என்னும் சாக்ஸபோன் கலைஞர் 27 ஆவர்த்தங்கள் நிறுத்தாமல் கற்பனை செய்து வாசிக்க, கூட்டம் எழுந்து ஆடிற்று. டைம் பத்திரிகை எல்லிங்டன் படத்தை அட்டையில் வெளியிட்டது. இழந்த இடம் மீண்டது.

இனி 1963. அந்த ஓர் ஆண்டை மட்டும் சற்று நின்று நோக்க வேண்டும்.

அடிமைத் தளை அறுக்க ஆபிரகாம் லிங்கன் விடுத்த பிரகடனத்துக்கு அது நூறாவது ஆண்டு. நூறாண்டு கழிந்தும் தென் மாநிலங்களில் கறுப்பினத்தார் பலர் வாக்களிக்க முடியவில்லை. மே மாதம் பர்மிங்ஹாம் நகரில் உரிமை கேட்டு ஊர்வலம் வந்த சிறுவர் சிறுமியர்மேல் காவலர் நாய்களை ஏவினர். தண்ணீர்க் குழாய்களைப் பாய்ச்சினர். ஆகஸ்டு 28ஆம் நாள் வாஷிங்டனில் இரண்டரை லட்சம் மக்கள் திரண்டனர். மார்ட்டின் லூதர் கிங் அன்று ஆற்றிய உரையை உலகமே அறியும். அப்பேரணியின் தலைவர் ஃபிலிப் ராண்டால்ப் என்னும் முதியவர் என்பதைப் பலர் அறியார். அவர் 1925இல் புல்மன் படுக்கை வண்டிப் பணியாளர்களின் சங்கத்தை அமைத்துப் போராடிய தொழிற்சங்கத் தலைவர். ரயில்வேக்காரர்கள் பெருமைப்பட வேண்டிய செய்தி இது. பேரணியில் ஸ்ட்ரேஹார்ன் கலந்துகொண்டார். எல்லிங்டன் அப்போது சிகாகோவில் இருந்தார். பிரகடன நூற்றாண்டுக் கண்காட்சியில் மை பீப்பிள், அதாவது என் மக்கள், என்னும் இசை நாடகத்தை அவர் நடத்திக்கொண்டிருந்தார். பர்மிங்ஹாம் நாய்களும் குழாய்களும் அதில் ஒரு பாட்டில் வருகின்றன.

அவ்வாறிருந்தும் அவர் போதிய அளவு குரல் கொடுக்கவில்லை என்று இளைஞர் சிலர் குறை கூறினர். 1960இல் பால்டிமோர் நகரில் ஓர் உணவகம் அவருக்கே உணவு தர மறுத்தது. 1961 முதல் வெள்ளையரையும் கறுப்பரையும் பிரித்து அமர்த்தும் அரங்கில் வாசிப்பதில்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதலானார். எனினும் மேடை ஏறி முழங்கும் இயல்பு அவருக்கு இல்லை. இந்நிலையில்தான் அமெரிக்க வெளிநாட்டு இலாகா அவரையும் குழுவையும் ஆசிய நாடுகளுக்கு நல்லெண்ணத் தூதராக அனுப்பிற்று. ஆசியாவும் ஆப்பிரிக்காவும் விடுதலை பெற்று எழுந்த காலம். அமெரிக்காவும் சோவியத் நாடும் அந்நாடுகளின் நட்பை நாடிப் போட்டியிட்ட காலம். கறுப்பினத்தவரை நடத்தும் முறையால் அமெரிக்காவின் பெயர் கெட்டிருந்தது. அதைத் துடைக்கக் கறுப்பினக் கலைஞர்களையே அனுப்புவது அவர்கள் கண்ட உபாயம். 1956இல் டிஸ்ஸி கில்லெஸ்பி தொடங்கிப் பலரை அனுப்பினர். வெள்ளையரான டேவ் புரூபெக்கும் அவ்வரிசையில் 1958இல் இந்தியா வந்தார். சென்னையில் மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளையோடு சேர்ந்து வாசித்தார்.

செப்டம்பர் தொடக்கத்தில் டமாஸ்கஸ் நகரில் எல்லிங்டனின் பயணம் ஆரம்பமாயிற்று. அம்மான், ஜெருசலம், பெய்ரூட் என்று குழு சென்றுகொண்டிருந்த நாட்களிலேயே, 15ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, பர்மிங்ஹாம் தேவாலயத்தில் வெடிகுண்டு வைத்து நான்கு சிறுமியரைக் கொன்றனர். அச்செய்தி உலகெங்கும் பரவியிருந்த வாரத்தில், 18ஆம் நாள் காபூல் நகரில் காஸி விளையாட்டரங்கில் குழு வாசித்தது. அங்கிருந்து தில்லி.

அவ்வேளையில் அவர் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். தாம் பிறந்த நாட்டில் தம் இனத்துச் சிறுமியர் வழிபாட்டு இல்லத்திலேயே மாண்டு கிடக்க, அந்நாட்டின் நற்பெயரைக் காக்கும் தூதராக அயல் மண்ணில் மேடை ஏற வேண்டும். பத்திரிகையாளர்கள் சென்ற இடமெல்லாம் இதையே கேட்டனர். இல்லை என்றும் அவர் மறுக்கவில்லை. தம் நாட்டைத் தூற்றவும் இல்லை. சிறுபான்மையினர் இடர் எல்லா நாட்டிலும் உண்டு என்பார். தம் மக்கள் கண்ட முன்னேற்றத்தைச் சொல்வார். மேற்கொண்டு இசைக்குப் போய்விடுவார். இது நழுவல் என்பார் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. வீட்டுச் சண்டையை அயல் வீட்டுத் திண்ணையில் பேசமாட்டேன் என்னும் மானம் ஒரு வகை. அந்த மானத்தைப் பயன்படுத்திக்கொண்டு வீட்டைத் திருத்தாமல் இருப்பது அரசாங்கத்தின் குற்றம். தவிர, கறுப்பினக் கலைஞர்கள் மாசு மறுவற்ற உடையில் மேடையில் அமர்ந்து, உலகில் எவராலும் வாசிக்க இயலாததை வாசிக்கும் காட்சியே ஒரு பதில்தான். புல்மன் வண்டிக் காலத்திலிருந்து அவர் அறிந்த பதில் அது ஒன்றே.

தில்லியில் அவர் உடல் நலிந்தார். சில நாட்கள் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது. தலைவர் இல்லாமலே குழு கச்சேரி செய்தது. ஸ்ட்ரேஹார்ன் பியானோவில் அமர்ந்து நடத்தினார். எழுந்து நடமாடத் தொடங்கியதும் எல்லிங்டன் நம் நாட்டு இசையைக் கேட்பதில் ஆர்வம் காட்டினார். சிதாரையும் தபலாவையும் அருகிருந்து கண்டார். ஆக்ராவின் தாஜ் மகாலும் அவர் நெஞ்சில் பதிந்தது.

ஆனால் தில்லியில் அவர்களுக்கு வாய்த்த பெரும் பரிசைத் தந்தது எந்த வித்வானும் அல்லர், ஒரு மைனா. ஸ்ட்ரேஹார்ன் தங்கிய அறையருகே வந்து ஒரே சிறு மெட்டைத் திரும்பத் திரும்பப் பாடிற்று அது. நம் குடியிருப்புகளில் விடியற்காலையில் பால் வாங்க எழுந்திருப்போர் யாவரும் அறிந்த குரல்தான். காக்கைக்கு அடுத்தபடி நாம் அலட்சியம் செய்யும் பறவையும் அதுவே. ஸ்ட்ரேஹார்ன் அதைக் கூர்ந்து கேட்டு மனத்தில் இருத்திக்கொண்டார்.

இந்தியாவில் ஐதராபாத், பெங்களூர், சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய நகரங்களிலும் குழு வாசித்தது. இலங்கைக்கும் சென்றது, பாகிஸ்தான், ஈரான் நாடுகளுக்கும் சென்றது. நவம்பர் நடுவில் பாக்தாத் நகரில் இருந்தபோது அரண்மனைமீது விமானங்கள் குண்டு பொழிந்தன, ஆட்சிச் சச்சரவு. அந்தக் களேபரத்துக்கு இடையேயும் கச்சேரி நடந்தது. பின்னர்த் துருக்கியின் அங்காரா நகர் சேர்ந்தனர். அங்கேதான் 22ஆம் நாள் ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டு மாண்ட செய்தி வந்தது. எஞ்சிய பயணத்தை அரசாங்கம் ரத்துச் செய்துவிட்டது. அதற்கு நான்கு நாள் முன்பு அமெரிக்காவில் ஜான் கோல்ட்ரேன் என்னும் இளைய சாக்ஸபோன் மேதை, பர்மிங்ஹாம் சிறுமியரை நினைந்து அலபாமா என்னும் ஓர் உருப்படியைப் பதிவு செய்திருந்தார். சொல் ஒன்றும் இல்லாத ஒப்பாரி அது. ஜாஸ் வரலாற்றில் 1963 எப்படிப்பட்ட ஆண்டு என்று கேட்பவர் அதைக் கேட்டால் போதும்.

நாடு திரும்பியதும் எல்லிங்டன் அவசரப்படவில்லை. கேட்டதையெல்லாம் உடனே எழுதினால் அது நகலாகிவிடும். உள்ளே ஊறி வேறொன்றாக வெளிவர வேண்டும் என்பது அவர் கொள்கை. ராகத்தை அரைகுறையாகக் கற்றுச் சிதாரை நடுவில் செருகிக் கீழ்நாட்டு இசை என்று விற்பனை செய்தவர்கள் பின்னாளில் பலர் உண்டு. அவர்களை நினைக்கும்போது இவருடைய பொறுமையின் அருமை விளங்கும். 1964இல் இங்கிலாந்துப் பயணத்தில் சில பகுதிகளை அரங்கேற்றினார். பின் சேர்த்தும் திருத்தியும் 1966 டிசம்பரில் நியூயார்க்கில் முழுமையாகப் பதிவு செய்தார். ஃபார் ஈஸ்ட் ஸ்வீட் என்பது பெயர். கீழ்க்கோடி நாடுகளின் இசைக்கோவை என்று பொருள் கூறலாம். ஒன்பது பகுதிகளுள் ஜப்பானைப் பற்றிய ஒன்று தவிர ஏனையவை மேற்காசியாவையும் இந்தியாவையும் பற்றியவை. ஆதலால் பெயர்ப்பலகை ஓர் ஊருக்கும் வண்டி வேறோர் ஊருக்குமாக இருக்கிறது. போகட்டும். அதில் ஆக்ரா என்பது ஹாரி கார்னியின் ஆழ்ந்த பாரிடோன் குரலில் வருகிறது. புளூபர்ட் ஆஃப் டெல்லி என்பதே நம் மைனா. ஜிம்மி ஹாமில்டனின் கிளாரினெட் மைனாவாகிச் சிறு மெட்டைக் கூவ, மற்ற வாத்தியங்கள் எல்லாம் நகரத்து இரைச்சல் போல் சூழ்ந்து எழும்பி அடங்கும். மைனாவோ தன் பாட்டை விடுவதில்லை. ஏ.கே.சி. நடராஜனின் கிளாரினெட்டைக் கேட்டு மகிழ்ந்தோர் இதையும் ஒருமுறை கேட்க வேண்டுகிறோம்.

அப்போதே ஸ்ட்ரேஹார்ன் புற்றுநோயால் வாடிக்கொண்டிருந்தார். 1967ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் 51 வயதில் மறைந்தார். அவருடைய பாடல்களை மட்டுமே கொண்டு எல்லிங்டன் ஓர் இசைத்தட்டை வெளியிட்டார். பதிவு முடிந்து கலைஞர்கள் வாத்தியங்களைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருக்கையில், தாம் மட்டும் பியானோவில் தங்கி நண்பரின் மெட்டு ஒன்றைத் தனியே வாசித்தார். பின்னணியில் பேச்சும் சலசலப்பும் கேட்க, அப்படியே அது தட்டில் உள்ளது.

விருதுகள் முன்னும் பின்னுமாக வந்தன. 1965இல் புலிட்சர் பரிசின் இசை நடுவர்கள் அவருக்குச் சிறப்பு விருது தருமாறு பரிந்துரைத்தனர், மேற்குழு மறுத்துவிட்டது, நடுவர் இருவர் பதவி துறந்தனர். தமக்கு அப்போது 66 வயது என்றும், தாம் இளமையிலேயே மிகுந்த புகழ் பெறுவதை விதி விரும்பவில்லை போலும் என்றும் சொல்லிச் சிரித்தார். அப்பரிசு அவர் பெயருக்கு வந்தது 1999இல், பிறந்து நூறாண்டு ஆனபோது. அதே 1965இல் சான் பிரான்சிஸ்கோ பேராலயத்தில் பக்தி இசை அரங்கேற்றினார். 1969ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் 70ஆம் பிறந்த நாளன்று வெள்ளை மாளிகையில் அவருக்கு விருந்தளித்து நாட்டின் உயர்ந்த குடிமக்கள் விருதை ஜனாதிபதி நிக்ஸன் அணிவித்தார். தந்தை தட்டேந்திப் பரிமாறிய மாளிகையில் மகன் தலைமை விருந்தினராக அமர்ந்தார். அதைக் காணத் தந்தையும் இல்லை, தாயும் இல்லை. தாயார் 1935இலும் தந்தையார் 1937இலும் மறைந்துவிட்டனர்.

நோயுற்ற பின்னும் பயணம் நிற்கவில்லை. 1974ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் நியூயார்க்கில் உயிர் நீத்தார்; வயது 75. மருத்துவமனைக் கட்டிலருகே மின்சாரப் பியானோ ஒன்று வைத்துக் கடைசி வரை எழுதிக்கொண்டிருந்தார் என்பர். பேராலயத்தில் நடந்த இறுதி வழிபாட்டில் 12,000 பேர் கூடினர். உட்லான் கல்லறைத் தோட்டத்தில் பெற்றோர்க்கு அருகே அடக்கம் செய்தனர். ஹாரி கார்னி அதே ஆண்டு அக்டோபரில் மறைந்தார். பெர்முடாத் தீவில் வாசிப்பதாக முன்பே ஒப்புக்கொண்டிருந்த கச்சேரி ஒன்று இருந்தது. மகன் மெர்சர் எல்லிங்டன், தந்தையின் அடக்கம் முடிந்த கையோடு, குழுவை அழைத்துக்கொண்டு அங்கே புறப்பட்டார்.